எண்பதுக்கு மேல் ஒரு நாடு

கம்சாயினிக்கு அந்த முதல் நாள் பேச்சு இன்றும் வரிசை குலையாமல் நினைவிருக்கிறது. ஜனவரி மாதம். மட்டக்களப்பு ஊறணிச் சந்தியில் விடிந்தும் விடியாத வெளிச்சம். வெள்ளை வேன் ஒன்று அவளருகே வந்து நிற்க, சாரதி கண்ணாடியை இறக்கினார்.

“வாகரைப் பக்கம் பள்ளிக்குப் போற புது மிஸ் நீங்கதானே?”

“ஓம்.”

“இங்கிலீஸ் மிஸ்?”

“ஓம்.”

“பின்னுக்கு நிறைஞ்சிட்டு. முன்னுக்கு ஏறுங்க. ஆனா மிஸ், முன் சீட்டுக்கு ஒரு சட்டம் இரிக்கி. நித்திரை கொள்ளக் கூடா.”

“ஏன்?”

“பக்கத்தில ஒராள் கொட்டாவி விட்டா எனக்கும் வந்திரும். எனக்கு வந்தா, மறுகா ஒருத்தருக்கும் எழும்பத் தேவையில்ல.”

பின்னிருக்கையில், கண்ணை மூடியபடியே ஒரு பெண் சொன்னார்: “அவர்ர கதைய நம்பாத பிள்ள. முன்னுக்கு இருந்தா பயத்தில நித்திரையே வராது. அதுக்குத்தான் புது ஆக்கள அங்க போடுற.”

“புஸ்பம் ரீச்சர், நீங்க ஒரு நாளைக்கு முன்னுக்கு வாங்களன், காட்டுறன்.”

“எனக்கு இன்னும் பென்சன் எடுக்க இருக்கு, நௌஷாட்.”

வேனுக்குள் அரைத்தூக்கத்தில் ஒரு சிரிப்பு பரவி அடங்கியது. கம்சாயினி ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எத்தின மணிக்கு விரல் வைக்கணும், மிஸ்?”

“ஏழரைக்குள்ள எண்டு அதிபர் சொன்னவர்.”

“அதப் பத்தி நீங்க யோசிக்காதீங்க. அது என்ட கால்ர வேல.”

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். செருப்பில்லை. செருப்பிரண்டையும் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலால்தான் நௌஷாட் வேன் ஓட்டுவார். செருப்புப் போட்டால் வண்டி சொல்வது காலுக்குக் கேட்காது என்பது அவர் கட்சி.

ஏறாவூர்க்காரர். நாற்பதைக் கடந்தவர். மெலிந்த உடம்பு, நாடியில் மட்டும் நரைத்த தாடி. விடியற்காலையில் ஏறாவூரிலிருந்து வெறும் வேனோடு மட்டக்களப்புக்கு வந்து, ஆசிரியர்களை வீட்டு வாசல்களில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே கிறுகி, தன் ஊரையும் தாண்டி வடக்கே போவார். பள்ளி முடியும்வரை அங்கேயே மரநிழலில் காத்திருந்து பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். தினமும் தன் வீட்டு ஒழுங்கையை இரண்டு முறை நிற்காமல் கடந்து போகும் மனிதர் அவர்.

விரல் வைப்பது பள்ளிக்கூட அலுவலகத்திலிருக்கும் கைரேகை இயந்திரத்தில். முன்பெல்லாம் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவார்கள். பிந்தி வந்தவர் அதிபரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கோட்டுக்கு மேல் ஒப்பமிடலாம். இயந்திரம் கெஞ்சலைக் கேட்பதில்லை. ஆகவே கெஞ்சல் முழுவதும் வேன் சாரதியிடம் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்காக யாரும் முன்கூட்டி எழுந்ததாகத் தெரியவில்லை. புஸ்பம் ரீச்சர் வாசலில் ஹோர்ன் அடித்த பிறகுதான் சொதிக்குத் தேசிக்காய் பிழிவார். கணித ஆசிரியர் மதுஷன் சேர் சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டுவதே வேனுக்குள்தான். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். அந்த நிமிடங்களையெல்லாம் ஓட்டமாவடி தாண்டி, நாவலடிச் சந்தியும் தாண்டிய பிறகு திருப்பி எடுத்துவிடலாம் என்பது எல்லாருக்கும் பழகிப்போன கணக்கு. அதற்கப்பால் கடைகள் இல்லை, சந்திகள் இல்லை. தார்க் காப்பெற் போட்ட கறுத்த வீதி கண்ணுக்கெட்டிய மட்டும் நேராகக் கிடக்கும்.

“அடிங்க காக்கா, ரோட்டு வெறும் ரோட்டு” என்பார் மதுஷன் சேர். ஏறாவூரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நூற்றைத் தாண்டியதும் கைபேசியில் வேகத்தைப் பார்த்துக் கத்திச் சொல்வார். அன்றைக்கு ஆசிரியர் ஓய்வறையில் அதுதான் பேச்சு. எதிரே வரும் வாகனம் விளக்கைச் சிமிட்டினால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். நௌஷாட்டின் கால் மெலியும். பொலிஸாரைக் கடக்கும்போது வேன் கோயிலுக்குப் போகும் கிழவியைப்போல் அடக்கமாகப் போகும். அவர்கள் கண்ணாடியில் மறைந்ததும் கால் மீண்டும் கனக்கும். பின்னால் எல்லாரும் தூங்கிப்போவார்கள். வேகம் ஒரு தொட்டில்போல அவர்களுக்குப் பழகியிருந்தது.

கம்சாயினி தூங்குவதில்லை. சட்டத்துக்காக அல்ல, பார்ப்பதற்காக. அவளுடைய யன்னல் இடப்பக்கம். வீதியோரப் புல், அதையொட்டி நீர், நீரில் நட்ட வலைக்கம்புகள், கம்புக்கொன்றாக நீர்க்காகம். வேகத்தில் இவை எதுவும் தனித்தனியாக இருக்காது. புல் ஒரு பச்சைக் கோடாகும், நீர் ஒரு வெள்ளித் துணியாகும். தூரத்து மரங்கள் மட்டும் அவசரமில்லாமல் கூடவே வரும். பள்ளிக்கூடம், பாடக்குறிப்பு, வீட்டில் தொடங்கியிருந்த கல்யாணப் பேச்சு எல்லாம் பின்னால் உதிர்ந்துவிட, அவள் யாருமில்லாதவளாக, இலேசாக, நீருக்கு மேலே போய்க்கொண்டிருப்பாள். ஆபத்து என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது ஒரு சுகம்.

பக்கத்தில் நௌஷாட் பேசிக்கொண்டே ஓட்டுவார். அவளைப் பார்த்தல்ல, கண்ணாடிக்கு வெளியே ஓடிவரும் வீதியைப் பார்த்து. அவள் எப்போதாவது ஒரு கேள்வி கேட்பாள், பெரும்பாலும் கட்டாரைப் பற்றி. அப்படித் துண்டுதுண்டாகத்தான் அவருடைய வாழ்க்கை அவளுக்குத் தெரியவந்தது.

அவர் ஓட்டப் பழகியது வயல் வட்டையில், உழவு மெசினில். அந்தக் காலத்தில் இந்தப் பிரதேசத்தில் வேகம் என்ற ஒன்று யாருக்கும் கிடைத்ததில்லை. ஒரு சோதனைச்சாவடியில் இறங்கி நடந்து, ஏறி உட்காருவதற்குள் அடுத்த சாவடி வந்துவிடும். வாகரை வீதி குண்டும் குழியுமாக வெறிச்சோடிக் கிடந்தது. சண்டை ஓய்ந்து வீதிக்குக் காப்பெற் போட வந்த வருடம்தான் அவர் கட்டாருக்கு விமானம் ஏறினார். “நான் ஊரில இரிக்கக்குள்ள ரோட்டில்ல. ரோட்டு வரக்குள்ள நான் ஊரில இல்ல” என்பார்.

வேகத்தை அவர் முதன்முதலில் கண்டது தோஹாவில்தான். ஒரு வீட்டில் சாரதி வேலை. அந்த வீட்டு முதியவரை எல்லாரும் பாபா என்று அழைத்தார்கள். கண்பார்வை மங்கியவர். சுபஹுத் தொழுகை முடிந்ததும் நகரத்துக்கு வடக்கே இருந்த தோட்டத்துக்குப் போய் ஆடுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு விடியலும் பாலைவனத்தின் நடுவே, ஒரு வளைவுமில்லாத வீதியில், வெள்ளை லாண்ட்குறூசர் பறக்கும். நூற்றியிருபதைத் தாண்டினால் அந்தக் கார் மணியடிக்கத் தொடங்கும். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மணி. பாபா அதற்கு ஏற்றாற்போல் தலையை ஆட்டி முணுமுணுத்துப் பாடுவார். “கண் தெரியாத மனிசன் மிஸ். ஓட்டந்தான் அவருக்குக் காட்சி. குறைச்சா தோள்ல தட்டுவார், யல்லா நௌஷாட், யல்லா எண்டு.” பதினொரு வருடம் அந்த வீதியில் சூரியன் எழும்புவதை அவர் பார்த்திருக்கிறார். மணல் முதலில் நீலமாக இருக்கும், பிறகு ரோசாப்பூ நிறமாகும் என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

இதற்கிடையில் ஏறாவூரில் மகள் ஸில்மியா பிறந்து, தவழ்ந்து, நடந்தாள். எல்லாம் கைபேசித் திரையில். அவள் நன்றாகப் பேசத் தொடங்கிய பிறகு ஒருமுறை விடுமுறையில் வந்தார். இரண்டாம் நாள் பிள்ளை உம்மாவின் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடியது. “உம்மா, வாப்பாக்கு கோல் எடுங்க. நம்மட ஊட்டுக்குள்ள ஒராள் வந்து போகாம இரிக்கார் எண்டு சொல்லணும்.” மனைவி நிஸ்மியா சிரித்துச் சிரித்து அழுதாளாம். நௌஷாட் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் முடிவு எடுத்தாயிற்று. பாபா மௌத்தாகி அடக்கம் முடிந்த வருடம் வேலையை விட்டுவிட்டு வந்து, சேமிப்பைப் போட்டு இந்த வேனை வாங்கினார். வேன் ஓடும்வரை ஊரில் இருக்கலாம். வேன் நின்றால் மறுபடி விமானம்தான். பாபாவின் மகன் மாதத்துக்கொருமுறை குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்: வா, விசா தயார், உன் அறை காலியாகத்தான் கிடக்கிறது. ஸில்மியாவுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளியிலிருந்து வந்ததும் வாப்பாவின் வேன் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தத்துக்குக் காத்திருப்பாள். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் வேன் ஓட்டினார்.

கார்த்திகை மாதம். மாரி தொடங்கி, வீதியின் இருபுறமும் நீர் ஏறியிருந்தது. அன்று புஸ்பம் ரீச்சர் வழக்கத்தைவிடப் பிந்தினார். செங்கலடியில் ஒரு மரம் சாய்ந்து இன்னும் பிந்தியது. நாவலடியில் திரும்பியபோது மதுஷன் சேர், “காக்கா, இண்டைக்கு உங்கட கையிலதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வேன் முழுவதும் சீரான மூச்சு.

வீதியில் வெண்பனி. நீருக்கும் வானத்துக்கும் எல்லை இல்லை. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. பனிக்குள்ளிருந்து வீதி மட்டும் சுருள் விரிவதுபோல வந்துகொண்டேயிருந்தது. நௌஷாட் பேசவில்லை. கம்சாயினி யன்னலில் நெற்றியைச் சாய்த்துக் கீழே பார்த்தாள். வெள்ளை இழைகள் ஒவ்வொன்றாக அவளுக்குக் கீழே ஓடி மறைந்தன. ஒரு கறுப்புச் சேலைக்கு யாரோ நீண்ட நூலோட்டம் ஓடுவதுபோல. இழை, இடைவெளி, இழை, இடைவெளி. எவ்வளவு அழகு என்று நினைத்தாள். இத்தனை நாளும் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்றுகூட நினைத்தாள். அவளுடைய யன்னலுக்குக் கீழே எப்போதும் புல்லல்லவா ஓடும் என்பது மெல்ல, மிக மெல்ல அவளுக்கு உறைத்தது.

புல்லைத் தேடினாள். அது தூரத்தில் இருந்தது. புல்லுக்கும் அவளுக்கும் நடுவே வீதியின் பாதி காலியாகக் கிடந்தது. அந்த இழைகள் வீதியின் நடுக்கோடு.

அவள் நௌஷாட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூங்கவில்லை. கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. முகத்தில் அவள் அதுவரை காணாத ஓர் அமைதி. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. எதையும் முந்துவதற்காக அவர் வலப்பக்கம் ஏறவில்லை. அந்தப் பக்கத்தில்தான் போக வேண்டும் என்பதுபோல, ஓரத்தை அளந்துவைத்து, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். கட்டாரில் வாகனங்கள் வலப்பக்கமாகத்தான் போகும். ஒரு வாகனமும் எதிர்ப்படாத வீதியில் அவருக்கு இது எந்த நாடு என்று சொல்ல எதுவுமே இருக்கவில்லை.

பனிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. நேர் எதிரே. அவை சிமிட்டின. பொலிஸ் என்று பழக்கத்தில் நினைத்தாரோ என்னவோ, கால் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் வேன் பக்கம் மாறவில்லை. விளக்குகள் பெருத்தன. நீளமாக ஹோர்ன் அலறியது. “பார், அவன்ட ஓட்டத்த” என்று நௌஷாட் சினத்தோடு சொன்னார். அவருடைய கண்ணுக்குப் பிழைப் பக்கத்தில் வந்தது மற்றவன். ஒதுங்குவதற்காக ஸ்டியரிங்கை இன்னும் வலப்பக்கம் திருப்பினார். எதிரே வந்தவனும் தன் ஓரத்துக்குத்தான் ஒதுங்குவான், அதுவும் அதே ஓரம் என்பதை கம்சாயினி கண்டாள்.

“காக்கா!”

அதுவரை அவள் அவரை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. நௌஷாட் திடுக்கிட்டு, ஸ்டியரிங்கை நேராக்கி, பிரேக்கில் ஏறி நின்றார். ஈரக் காப்பெற்றில் வேன் வழுக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, நடுக்கோட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. எதிரே வந்த மீன் லொறி ஓரத்து மணலில் சில்லுகள் புதைய இறங்கி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் இடைவெளி.

பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து எழுந்தார்கள். முதலில் தலையை வெளியே நீட்டியவர் புஸ்பம் ரீச்சர்.

“டேய்! கண் தெரியாதா உனக்கு? ரோட்ட வாங்கி வெச்சிருக்கியா?”

லொறிக்காரன் இறங்கி வந்தான். வீதியின் நடுக்கோட்டைக் கையால் காட்டினான். “ரீச்சர், நீங்க படிப்பிக்கிற ஆள்தானே? கொஞ்சம் ரோட்டப் பாருங்க. இது ஆர்ர பக்கம்?”

“பனிக்குள்ள வந்து பக்கம் கதைக்கிறார்!”

“ரீச்சர்” என்றார் நௌஷாட். அவர் வெறுங்காலோடு வீதியில் இறங்கி நின்றார். தன் வேனைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். இடக்கையையும் வலக்கையையும், எது எது என்று முதன்முதலாகக் கற்பவர்போல், விரித்துப் பார்த்தார். “அவர் சொல்றது சரி. பிழை என்னில.”

அந்த நேரம் நீருக்குள்ளிருந்து எருமைகள் சில, சேறு சொட்டச்சொட்ட, வீதிக்கு ஏறின. வேனுக்கும் லொறிக்கும் நடுவே, இரண்டையும் ஒரு பொருட்டாக எண்ணாமல், நடந்து மறுபக்கம் போயின. எல்லாரும் அவை போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று இடைவேளையில் கம்சாயினி பள்ளி வாசலுக்கு வந்தாள். நௌஷாட் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டார்.

“எருமையக் கண்டுதான் மிஸ் நான் நாட்டுக்கு வந்த. கட்டார்ல எருமை ஏது?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: “இது முதல் தரம் இல்ல.”

அவள் பக்கத்திலிருந்த மதிற்சுவரில் சாய்ந்து நின்றாள்.

“எழுபதுக்குள்ள ஓடினா நான் இங்க இரிக்கன். மாடு தெரியும், மடு தெரியும், ஆர்ர வளவு எண்டு தெரியும். எண்பதத் தாண்டினா எல்லாம் கரைஞ்சி போயிரும். மறுகா ரோட்டு மட்டுந்தான். ரோட்டெல்லாம் ஒண்டுதானே மிஸ். பாபா பக்கத்தில இரிக்கிற மாதிரி இரிக்கும். அவர்ர அத்தர் வாசம்கூட வரும். பொய்யில்ல.” கோப்பையைச் சுற்றினார். “அங்க இரிக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் ஊர நினைச்ச. இங்க வந்து, விடிய நேரத்தில, கால் கொஞ்சம் கூடினா, அங்க போய் நிக்கன். நல்லாத்தான் இரிக்கி, அதுதான் கஷ்டம். கெட்டதா இரிந்தா விட்டிரலாம்.”

அடுத்த நாள் காலை, எல்லாரும் ஏறிய பிறகு, ஊறணியில் வேனை நிறுத்திவிட்டு அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நாளையில இரிந்து கால் மணி முந்தி வருவன். எழுபதுக்கு மேல ஓட மாட்டன்.”

“என்ன நௌஷாட், வேனுக்கு வயசு போயிட்டா?”

“வேனுக்கு இல்ல ரீச்சர், எனக்குத்தான். நேத்து நான் பிழைப் பக்கத்தில ஓடின. பனியால இல்ல. எனக்கு இது எந்த ஊர் எண்டு மறந்து போச்சு.”

மதுஷன் சேர் சிரித்தார். “அட காக்கா, பனிக்குள்ள எல்லாருக்கும் அப்பிடித்தான். அதுக்கு இப்பிடிப் பயப்படுறதா?” மற்றவர்களும் சிரித்தார்கள். நேற்று தாங்கள் தப்பியது எதிலிருந்து என்று அவர்கள் பார்த்திருக்கவில்லை. தூங்கியவர்களுக்கு அது ஒரு குலுக்கல் மட்டும்தான்.

சொன்னபடியே அவர் முந்தி வந்தார். அவர்கள் முந்தி எழும்பவில்லை. விரல் வைக்கும் நேரம் தவறியது. ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறை அதிபர் எல்லாரையும் அழைத்துக் கண்டித்தார். அதே வீதியில் ஓடிய சாலிஹ் என்பவரின் வேன் தினமும் இவர்களை முந்திக்கொண்டு, ஹோர்னால் ஒரு கேலி செய்துவிட்டுப் போகும். மதுஷன் சேர் முதலில் அந்த வேனுக்கு மாறினார். பிறகு இன்னும் மூன்று பேர். பின்னிருக்கைகளில் பைகள் உட்கார இடம் கிடைத்தது.

புஸ்பம் ரீச்சரும் மாறினார். ஒரே ஒரு நாளைக்கு. மறுநாள் காலை நௌஷாட் அவர் வாசலைக் கடந்தபோது அவர் கையைக் காட்டி மறித்து ஏறிக்கொண்டார். ஊறணியில் கம்சாயினி ஏறும்போதும் அவருக்கு இளைப்பு அடங்கியிருக்கவில்லை.

“என்ன ரீச்சர், சாலிஹ்ர வேன் பிடிக்கல்லயா?” என்றார் நௌஷாட்.

“அந்தப் பாவி ரெண்டு நிமிசம் நிக்க மாட்டானாம்! நான் சொதியோட வாசலுக்கு வாறன், அவன் போறான்.” மூச்சு வாங்கினார். “நீயாவது மெதுவா ஓடினாலும் நிண்டு ஓடுறாய். என்னகா பிள்ள, சிரிக்கிறாய்?”

கம்சாயினி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நௌஷாட் சிரிக்கவில்லை என்பதையும் கண்டாள். ஆட்கள் பாதியாகிவிட்ட வேன் எத்தனை மாதம் ஓடும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த வாரம் பாபாவின் மகனிடமிருந்து மறுபடி குரல் வந்திருந்தது. இந்தமுறை ஒரு முடிவு சொல்லச் சொல்லி. வெள்ளிக்கிழமைக்குள்.

அந்த வாரம் முழுவதும் அவர் பேசாமல்தான் ஓட்டினார். எழுபதில் ஓடும் வேனில் அவளுக்குப் புதிதாக எல்லாம் தெரிந்தது. பச்சைக் கோடு புல்லானது. புல்லுக்குள் நண்டு வளைகள் இருந்தன. வலைக்கம்பிலிருந்த நீர்க்காகங்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. தோணியில் நின்றவர் ஒருவர் கையைத் தூக்கினார். அவள் தயங்கித் தயங்கித் தன் கையையும் தூக்கினாள். பழைய சுகம் இல்லை. அது அவளுக்கும் ஒரு குறையாகவே இருந்தது. முதன்முறையாக, அவர் எதை விட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

இடையிடையே, எதிரே வாகனமில்லாத நீண்ட துண்டுகளில், வேன் அறியாமல் வேகம் கொள்ளும். நௌஷாட்டின் பார்வை தூரத்தில் போய் நிற்கும். அவள் வேகமானியின் முள்ளைப் பார்ப்பாள். எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. பிறகு அவரே தலையை உதறி, காலை எடுப்பார். நெற்றி வியர்த்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. பின்னால் புஸ்பம் ரீச்சர் வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். நாவலடிச் சந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கடையோரம் நௌஷாட் வேனை நிறுத்தினார். கைபேசியை எடுத்து, அதைப் பார்க்காமலே இருக்கைக்கு நடுவே வைத்தார்.

“ராத்திரி பாபாட மகனுக்குச் சொல்லிட்டன் மிஸ். வரல்ல எண்டு. மகள் பக்கத்திலதான் இரிந்தா. அறபில என்ன சொன்ன வாப்பா எண்டு கேட்டா. நான் ஊட்ட இரிக்கன் எண்டு சொன்ன எண்டன்.” வீதியைப் பார்த்தார். நேராக, கறுப்பாக, பனியில்லாமல் அது கிடந்தது. “ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமா வருவாங்க. அஸீமா ரீச்சரும் அவட தங்கச்சியும் தை மாசத்தில இரிந்து வாறாங்களாம். ஓட்டம் மெதுவெண்டு கேள்விப்பட்டுத்தான் கேட்டவங்க. பாத்தீங்களா, அப்பிடியும் ஆக்கள் இரிக்காங்க. அது காரியமில்ல. இந்த ரோட்டுத்தான் காரியம்.”

அவர் கையால் சந்திப் பக்கம் காட்டினார்.

“ஒரு உதவி கேக்கணும், மிஸ். நீங்க பெரிசாக் கதைக்கிற ஆளில்ல, தெரியும். எண்டாலும் சந்தி கழிஞ்ச ஒடன ஏதாவது கதைங்க. சும்மா சொல்லிட்டு இரிந்தாக் காணாது, எனக்கிட்ட கேள்வி கேளுங்க. பதில் சொல்ல வேணும் எண்டா மனிசன் இங்க இரிக்கத்தானே வேணும். ஏறாவூர்ச் சந்தையில இறால் என்ன விலை, ஒங்கட ஊர் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு எந்தப் பக்கத்தால வேன் விடலாம், ஸில்மியாட டீச்சர் நேத்து என்னத்துக்கு ஏசின, எதெண்டாலும் கேளுங்க. கட்டாரப் பத்தி மட்டும் கேட்டிராதீங்க.”